மீள்வதற்கு ஓர் இடம்

களைத்துப்போன இளைஞருக்கு நம் ஊரில் கிடைக்கும் முதல் யோசனை, "பத்து நாள் லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிட்டு வா" என்பதுதான். சொல்பவர் அம்மாவாக இருக்கலாம், டீம் லீடாக இருக்கலாம், நல்ல மனசுள்ள யூனிட் சீஃபாகவும் இருக்கலாம். யோசனையில் பிழையில்லை. ஊருக்குப் போனால் தூக்கம் வரும், பசி எடுக்கும், முகம் தெளியும். ஆனால் எத்தனை நாளைக்கு? மினா வெஸ்ட்மன், டோவ் ஈடன் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் அலுவலக எழுத்தர்கள் சிலரை விடுமுறைக்கு முன்பும், விடுமுறையின் நடுவிலும், வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாளும், மூன்றாம் வாரமும் அளந்து பார்த்தார்கள். விடுமுறையில் சோர்வு நன்றாக இறங்கியிருந்தது. மூன்றாம் நாளே அதில் ஒரு பகுதி திரும்பிவிட்டது. மூன்றாம் வாரத்தில் பழைய அளவுக்கே வந்து நின்றது. பின்னால் நடந்த ஐரோப்பிய ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கின்றன.

அப்படியானால் பர்ன்-அவுட் ஆன ஒருவர் எதனால் மீள்கிறார்? ஓய்வாலா, சிகிச்சையாலா, வேலையை மாற்றியமைப்பதாலா, வேலையையே விடுவதாலா? ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி இதற்கு ஒற்றைப் பதிலைத் தரவில்லை. கிடைத்திருக்கும் பதில்களும் பெரும்பாலும் பல ஆண்டு வேலை பார்த்து நடுவயதை எட்டியவர்களிடமிருந்து வந்தவை. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பாடம், டெஸ்ட், கோச்சிங், நுழைவுத்தேர்வு, மறுபடி நுழைவுத்தேர்வு, அப்புறம் 24 மணி நேர டூட்டி என்று ஓடிவந்து இருபத்தெட்டு வயதில் சாய்கிற மருத்துவ முதுநிலை மாணவருக்கு அவை எவ்வளவு பொருந்தும்? இந்தக் கட்டுரையில் நான் பிடித்துக்கொண்டு போக விரும்பும் கேள்வி அதுதான். ஐ.டி. வேலைக்காரரும் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்பவரும் அவர் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

இந்த நிலையை உளவியல் உலகம் கவனிக்கும்படி எழுதியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர். நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுவனாகத் தப்பி நியூயார்க் வந்தவர். பகலெல்லாம் சொந்த கிளினிக், இரவில் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்கான இலவச மருத்துவமனை என்று உழைத்தவர். ஆர்வத்தோடு வந்து சேர்ந்த தொண்டர்கள் சில மாதங்களில் எரிச்சலும் வெறுமையுமாக மாறுவதைக் கவனித்தார். ஒருநாள் அவருக்கே அது வந்தது. குடும்பத்தோடு விடுமுறைக்குக் கிளம்ப வேண்டிய காலையில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. 1974-இல் அவர் எழுதிய கட்டுரைதான் இன்றைய பேச்சுக்கெல்லாம் தொடக்கம். அவர் விழுந்தது வேலைநாளில் அல்ல, விடுமுறை தொடங்கும் நாளில். தேர்வு முடிந்த மறுநாள் காய்ச்சலில் படுக்கும் மாணவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

அடுத்து வந்தவர் பெர்க்லியின் சமூக உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக். 1981-இல் சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 22 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார். அது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்ற வறட்சி, யாருக்காக வேலை செய்கிறோமோ அவர்களிடமிருந்தே விலகிப்போதல், தான் செய்வதில் பயனில்லை என்ற எண்ணம். இரண்டாவதை வார்டில் எளிதில் அடையாளம் காணலாம். நோயாளிக்குப் பேர் போய் "பெட் நம்பர் 14" மட்டும் மிஞ்சும்போது, அது திமிரில் வருவதாக உறவினர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது வறட்சியில் வருவது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் பர்ன்-அவுட்டைச் சேர்த்தது. ஆனால் நோயாக அல்ல, வேலை சார்ந்த ஒரு நிலையாக. சரியாகக் கையாளப்படாத நெடுநாள் பணி அழுத்தத்தின் விளைவு என்று வரையறுத்தது. வாழ்க்கையின் பிற பகுதிகளுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதிவைத்தது. அந்தக் கணக்கில் மாணவருக்கு இது வரவே வராது. ஆய்வாளர்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. வில்மார் ஷாஃபெலியும் சகாக்களும் 2002-லேயே ஸ்பெயின், போர்ச்சுகல், நெதர்லாந்து பல்கலைக்கழக மாணவர்களிடம் மாணவருக்கான அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டார்கள். நம் பி.ஜி. மாணவர் நிலைமை இன்னும் வேடிக்கை. இரவு முழுக்க லேபர் வார்டை நடத்தும்போது அவர் ஊழியர். சம்பளம், வேலைநேரம் என்று வாய் திறந்தால் அவர் மாணவர், வாங்குவது உதவித்தொகை.

பர்ன்-அவுட் என்பது மனச்சோர்வு நோயின் இன்னொரு பேர்தானா என்ற சண்டையும் ஓய்ந்தபாடில்லை. இர்வின் ஷோன்ஃபெல்ட், ரென்ஸோ பியாங்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் இரண்டுக்கும் இடையே கோடு கிழிக்க முடியாது என்று தொடர்ந்து வாதிடுகிறார்கள். மாஸ்லாக் தரப்பு ஒப்புக்கொள்வதில்லை. சாய்ந்து கிடப்பவருக்கு இந்தச் சண்டையில் ஒரே ஒரு பயன்தான் உண்டு. "எனக்கு வெறும் பர்ன்-அவுட்தான்" என்று தானே முடிவுகட்டிக்கொள்ளக் கூடாது. விடுமுறையிலும் எதிலும் மகிழ்ச்சி இல்லை, குற்றவுணர்ச்சி விடுவதில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது மனநல மருத்துவர் பார்க்க வேண்டியது. மருந்து தேவைப்படலாம், மருந்து வேலையும் செய்யும். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் ‘சினேகா’ இயங்கிவருகிறது. இன்னொரு பக்கம், மனதைப் பார்ப்பதற்கு முன் ரத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. தைராய்டு, பி-12, சர்க்கரை, குறட்டையோடு வரும் தூக்கத் தடை எல்லாமே பர்ன்-அவுட் வேடம் போடக்கூடியவை. மற்றவருக்கு இந்தப் பரிசோதனைகளை எழுதிக்கொடுக்கும் மருத்துவர்கள் தங்களுக்கு எழுதிக்கொள்வதில்லை.

ஓய்வையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்த காலமும் ஒன்று இருந்தது. 1869-இல் நியூயார்க் நரம்பியல் மருத்துவர் ஜார்ஜ் பியர்ட், நவீன வாழ்க்கையின் வேகத்தால் நரம்பின் பலம் தீர்ந்துபோகிறது என்று சொல்லி அதை ஒரு நோயாகவே பிரபலமாக்கினார். சிகிச்சைக்குப் பேர்போனவர் ஃபிலடெல்ஃபியாவின் சைலஸ் வெய்ர் மிட்செல். பெண்களை வாரக்கணக்கில் படுக்கவைத்தார். படிப்பு கூடாது, எழுத்து கூடாது, பாலும் கொழுப்பும் ஊட்டப்பட வேண்டும், உடம்பை நர்ஸ் பிடித்துவிடுவார். சார்லட் பெர்கின்ஸ் கில்மன் இந்தச் சிகிச்சையால் பைத்தியத்தின் விளிம்புவரை போய், அந்த அனுபவத்திலிருந்து 1892-இல் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதையை எழுதினார். அதே மிட்செல் ஆண்களுக்கு எழுதிக்கொடுத்தது வேறு: மேற்கே போ, குதிரை ஏறு, வேட்டையாடு. ஹார்வர்டில் படித்து, பாஸ்டனில் பிடிக்காத வங்கி வேலையில் உடைந்துபோன ஓவன் விஸ்டரை 1885-இல் வயோமிங்குக்கு அனுப்பினார். அங்கே விஸ்டர் பார்த்தும் கேட்டும் எழுதிவைத்தவைதான் பிறகு ‘தி வர்ஜீனியன்’ என்ற நாவலாயின. ஒரே மருத்துவர், ஏறத்தாழ ஒரே நோய். ஆணுக்குப் புது உலகம், பெண்ணுக்குப் படுக்கை. எது பலித்தது என்று இந்த இரண்டு கதைகளை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் இன்றைய ஆய்வுகள் மெத்தைப் பக்கம் சாயவில்லை.

ஜெர்மன் உளவியலாளர் சபீன சொன்னன்டாக், சார்லட் ஃப்ரிட்ஸோடு 2007-இல் வெளியிட்ட கேள்வித்தாள் இந்தத் துறையில் அதிகம் புழங்குவது. வேலை முடிந்த பிறகு ஒருவர் தேறுவதற்கு உதவும் அனுபவங்கள் நான்கு என்று அது பிரித்தது: மனதளவிலும் வேலையிலிருந்து கழன்றுகொள்வது, உடம்பும் மனமும் தளர்வது, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைக் கற்றுத் தேறுவது, அந்த நேரத்தை என்ன செய்வது என்று தானே முடிவெடுப்பது. நான்கில் ஒன்றுதான் நாம் ஓய்வு என்று சொல்வது. நான்காவதை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பெண் மருத்துவரின் மாலையை யார் தீர்மானிக்கிறார்கள்? 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். "லீவுதானே, வீட்ல இரு" என்பது அவளுக்கு இடமாற்றம், விடுப்பு அல்ல.

சொன்னன்டாக் பிற்பாடு இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார். அழுத்தம் கூடக்கூடத் தேறுதல் அதிகம் தேவைப்படுகிறது. ஆனால் அழுத்தம் கூடியவர்தான் கழன்றுகொள்ளவும், நடக்கவும், தூங்கவும் குறைவாக முடிகிறவராக இருக்கிறார். இது சோம்பலோ கட்டுப்பாடின்மையோ இல்லை. மூளை இன்னும் டூட்டியில் இருக்கிறது. 30 மணி நேரம் விழித்திருந்த ஹவுஸ் சர்ஜன் அறைக்கு வந்து தூங்காமல் இரண்டு மணி நேரம் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பதை அறையில் கூட இருப்பவர் திட்டலாம். அவர் அந்த நேரத்தில் செய்வது, அன்றைக்கு முதன்முதலாகத் தன் விருப்பப்படி ஒன்றைச் செய்வது.

நான்கில் மூன்றாவதில்தான் எனக்கு அக்கறை அதிகம். வேலைக்கு வெளியே ஒன்றில் தேர்ச்சி. ஐரோப்பியக் கையேடுகள் இந்த இடத்தில், முன்பு பிடித்திருந்ததைத் திரும்பத் தொடங்குங்கள் என்று எழுதுகின்றன: கித்தார், படகு, தோட்டம். நம் இருபத்தெட்டு வயதுக்காரருக்கு ‘முன்பு’ என்ற காலம் எப்போது? நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளின் புகழ் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டு ஓட்டுவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. அதே 2017-இல் நீட் தமிழ்நாட்டுக்குக் கட்டாயமானது. ரிப்பீட்டர் பேட்ச்களும் வந்தன. அந்தப் பிள்ளைகளின் விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டார். பாட்டு கிளாஸ் எட்டாம் வகுப்போடு நின்றது. செஸ் போர்டு பரணுக்குப் போனது. "காலேஜ் சேர்ந்துட்டா எல்லாம் பண்ணலாம்" என்றார்கள். காலேஜில் "பி.ஜி. கிடைச்சிட்டா பண்ணலாம்" என்றார்கள். மார்க் நன்றாக இருக்கும்வரை இதில் ஒரு குறையும் தெரியாது. மார்க் வாங்கும் அந்த ஒரே திறமை நின்றுபோகும்போது, கீழே கால் ஊன்ற வேறு எதுவும் இருப்பதில்லை. இவருக்கு மீள்வது என்பது பழைய நிலைக்குத் திரும்புவது ஆகாது. திரும்ப அங்கே எதுவும் இல்லை.

இதற்கு நமக்கு எழுத்தில் கிடைக்கும் மிகத் தெளிவான சாட்சி 200 ஆண்டு பழையது. ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் மூன்று வயதில் கிரேக்கமும் எட்டு வயதில் லத்தீனும் படிக்கத் தொடங்கியவர். ஆசிரியர் அப்பா ஜேம்ஸ் மில்; இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமல் இந்திய வரலாறு எழுதியவர். சம வயதுப் பிள்ளைகளோடு விளையாட விடாமல், விடுமுறையும் இல்லாமல் மகனை வளர்த்தார். 1823-இல் பதினேழு வயது முடிந்த கையோடு மகன் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் எழுத்தர். கூடவே தத்துவவாதி பெந்தாமின் சாட்சியச் சட்ட நூலை ஐந்து தொகுதிகளாகப் பதிப்பிக்கும் வேலை, விவாத மன்றங்கள், கட்டுரைகள். 1826 இலையுதிர் காலத்தில், இருபது வயதில், தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: நான் பாடுபடும் சீர்திருத்தங்களெல்லாம் இந்த நொடியே நிறைவேறிவிட்டால் எனக்கு அது பெரும் மகிழ்ச்சியாக இருக்குமா? இல்லை என்று உள்ளிருந்து பதில் வந்தது. அதோடு எல்லாம் சரிந்தது.

அவர் தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கும் விதம் இன்றைய நோயாளியின் கேஸ் ஷீட் போலவே இருக்கிறது. வேலையை நிறுத்தவில்லை, பழக்கத்தின் விசையில் இயந்திரம்போலச் செய்துகொண்டே இருந்தார். அந்தக் குளிர்காலத்தில் என்னென்ன செய்தார் என்பது பின்னால் அவருக்கு அநேகமாக நினைவில் இல்லை. தூங்கிப் பார்த்தார், பலிக்கவில்லை. பிடித்த புத்தகங்களுக்குத் திரும்பினார், அவையும் கைகொடுக்கவில்லை. மாதங்கள் கழித்து மர்மொன்டெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக்குறிப்பில், தந்தையை இழந்த சிறுவன் குடும்பத்துக்கு இனி நான் இருக்கிறேன் என்று உணரும் பகுதியில் கண்ணீர் விட்டார். அந்தச் சுமை அன்றுமுதல் லேசானது. 1828-இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளை முதல்முறையாக உட்கார்ந்து படித்தார். உணர்வையும் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணம் தன் கல்வியில் இல்லாமல் போனதை அப்போதுதான் உணர்ந்தார். நடுவில் அவருக்கு இருந்த ஒரு பயம் வேடிக்கையானது: ஸ்வரங்கள் இத்தனைதான் என்பதால் ஒருநாள் இசையின் எல்லாச் சேர்க்கைகளும் தீர்ந்துபோய்விடுமே! தேர்வுக்குப் படித்தே வளர்ந்த மூளை சங்கீதத்தைக்கூட சிலபஸாகத்தான் பார்த்திருக்கிறது.

மில் வேலையை விடவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. 1858 வரை, 35 ஆண்டு, அதே கம்பெனியில் இருந்தார். ஆபீஸ் வேலை தன் மற்ற மூளை உழைப்புக்கு நடுவே ஓய்வாகவே இருந்தது என்றும் எழுதினார். அவரை உடைத்தது வேலைநேரம் அல்ல என்று சொல்லிவிடலாம். அதனால்தான் அவர் மீட்சி கவிதை, இசை, நட்பு என்ற வழியில் நடந்தது. இரவு பகலாக டூட்டி பார்க்கும் ஒருவருக்கு மில்லின் வழி பாதிதான் உதவும். வேர்ட்ஸ்வொர்த்தைப் படிக்க முதலில் விழித்திருக்க வேண்டும்.

எவ்வளவு காலம் பிடிக்கும்? இதில் ஸ்வீடன் சொல்வதைக் கேட்க வேண்டும். அங்கே 2005 முதல் கடும் சோர்வு ஒரு தனி மருத்துவ நோயறிதலாகவே பதிவாகிறது. கோதன்பர்க் நகரில் இதற்கான சிறப்பு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களை ஏழு ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்த ஓர் ஆய்வு 2020-இல் வந்தது. கிட்டத்தட்ட பாதிப்பேர் இன்னமும் சோர்வு இருப்பதாகச் சொன்னார்கள். நான்கில் மூன்று பேர் அளவுக்கு, நெருக்கடியைத் தாங்கும் சக்தி முன்போல் இல்லை என்றார்கள். நினைவாற்றல் குறைந்திருப்பதாகச் சொன்னவர்களும் நிறைய. இவர்கள் சிறப்பு மருத்துவமனைவரை போக வேண்டிய அளவுக்கு முற்றியவர்கள், எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. பயம் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. உடம்புச் சோர்வு போன பிறகும் கவனமும் ஞாபகமும் பின்தங்கியே வரும் என்பது தெரிந்திருந்தால், ஆறாவது மாதம் ஒரு பக்கத்தை மூன்று முறை படித்தும் தலையில் ஏறாதபோது "நான் முட்டாளாகிவிட்டேன்" என்று அழ வேண்டியிருக்காது. படிப்பில் முதலிடம் வாங்கியே வளர்ந்தவரை அதிகம் உடைப்பது இந்த ஒரு அறிகுறிதான்.

இனி வேலை இடத்தின் பக்கம். தனிமனிதருக்குத் தரும் பயிற்சிகள் பயனற்றவை அல்ல. சுகாதாரப் பணியாளர்களுக்கான இத்தகைய பயிற்சிகளை அலசிய காக்ரேன் தொகுப்பாய்வு 117 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஓராண்டு வரை அழுத்தம் குறையக்கூடும் என்றது; அதற்குமேல் தெரியாது. மரியா பனகியோட்டி குழு 2017-இல் மருத்துவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, டூட்டி முறையையும் பணிச்சுமையையும் மாற்றிய முயற்சிகள் தனிநபர்ப் பயிற்சிகளைவிட அதிகம் பலித்திருந்தன. பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களை வைத்து வில்லியம் ஃப்ளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது. தியானச் செயலி, மனவுறுதிப் பயிற்சி, தூக்க வகுப்பு எதில் கலந்துகொண்டவர்களும் கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருக்கவில்லை. ஒரே விலக்கு, தொண்டு வேலையில் ஈடுபட்டவர்கள். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கட்டாய யோகா வகுப்பு வைக்கும் மனிதவளத் துறைகள் இந்த ஆய்வைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

மீட்சிக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு நெதர்லாந்திலிருந்து வந்தது. ரோலண்ட் பிளோங்க் குழு 2006-இல், மன அழுத்தத்தால் வேலையை நிறுத்தியிருந்த சுயதொழில்காரர்களில் ஒரு பகுதியினருக்கு முழுமையான சிந்தனை-நடத்தைச் சிகிச்சை அளித்தது. மற்றொரு பகுதியினருக்கு அதைச் சுருக்கி, கூடவே பணி நிபுணர் ஒருவர் வேலையை எப்படிக் குறைத்து, எப்படிப் படிப்படியாகத் திரும்புவது என்று திட்டமிட்டுக் கொடுத்தார். இரண்டாம் வகையினர் முழு வேலைக்கு ஆறு மாதத்துக்கும் மேல் முன்னதாகத் திரும்பினார்கள். பேச்சு குறைவு, வேலையில் மாற்றம் அதிகம், பலன் சீக்கிரம். ஸ்வீடனில் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று நோய் விடுப்பை எடுக்க முடிவதும் இதே தர்க்கம்தான்.

இங்கே, வேலைக்குத் திரும்பும் ஏணியில் நடுப்படிகள் இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் தருவது ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு. இ.எஸ்.ஐ.யில் ஆண்டுக்கு 91 நாள்வரை 70 சதவீதச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆனால் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் அதற்குள் வரமாட்டார். ஐ.டி. ஊழியருக்கு மிச்சமிருப்பது பேப்பர் போடுவதுதான். நோட்டீஸ் பீரியட் முடிந்ததும் காலியிடம் ஒன்று பயோடேட்டாவில் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த நேர்காணலில் முதல் கேள்வி அதைப் பற்றித்தான். கல்விக் கடன் தவணை அதற்கெல்லாம் நிற்காது. ராஜினாமாவைத் தைரியம் என்றும் விடுதலை என்றும் எழுதுபவர்கள் பொதுவாக இ.எம்.ஐ. இல்லாதவர்கள்.

மருத்துவர் கதை வேறு தினுசு. 1992-இல் மத்திய அரசு வகுத்த ரெசிடென்சி திட்டம் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் டூட்டி கூடாது, வாரம் 48 மணி நேரம் என்று காகிதத்தில் எழுதியது. 2023-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலை விதிகளில் எண்கள் மறைந்து, ‘நியாயமான நேரம்’ வேலை, ‘நியாயமான’ ஓய்வு என்று ஆனது. மருத்துவ மாணவர்களின் மனநலத்துக்காக அதே ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் பரிந்துரைத்த உச்சவரம்பு வாரத்துக்கு 74 மணி நேரம், ஒரு நாள் விடுமுறை, தினம் ஏழெட்டு மணி நேரத் தூக்கம். இது சீர்திருத்தம் என்றே வரவேற்கப்பட்டது. நடைமுறையில் அதைவிட மோசமாக இருப்பதால் வரவேற்றவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் 48 என்று தொடங்கிய எண் 32 ஆண்டு கழித்து 74 ஆகத் திரும்பி வந்ததைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் எழுந்தன. சில நாளிலேயே அரசு பின்வாங்கியது. டூட்டி டாக்டருக்கு 24 மணி நேரம் என்பது அப்படி ஒரு கோபத்தை யாரிடமும் எழுப்புவதில்லை, டாக்டர்களின் பெற்றோரிடம்கூட.

பெற்றோரைப் பற்றி ஒரு வார்த்தை. மகனோ மகளோ உடைந்து வீட்டுக்கு வரும்போது அவர்கள் பயப்படுவது நோய்க்கு அல்ல, பக்கத்து வீட்டுக்கு. "தம்பி, இப்ப எந்த ஆஸ்பத்திரிலப்பா?" என்று கேட்கும் மாமாவுக்கு என்ன பதில் சொல்வது, வரன் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் எப்படிச் சொல்வது. இந்தப் பயத்தை ஏளனம் செய்ய நான் தயாரில்லை. நிலத்தை விற்றுப் படிக்கவைத்தவர்களின் பயம் அது. ஆனாலும் நடைமுறையில் உதவியாக இருப்பது, கேள்விகளை வாசலிலேயே நிறுத்தும் ஒரு அம்மாவோ அத்தையோ தாத்தாவோதான். ஆண்டுக்கணக்கில் பரணில் கிடக்கும் செஸ் போர்டை இறக்கி, தோற்றாலும் பரவாயில்லை என்று எதிரே உட்காரும் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. மார்க் போடாத ஒரு செயலை அந்தப் பிள்ளை பல ஆண்டுகளில் முதல்முறை செய்வது அப்போதாக இருக்கலாம். அதில் அவருக்கு முதலில் எரிச்சல்தான் வரும். சரியாக வராத ஒன்றைத் தொடர்ந்து செய்வது அவருக்குப் பழக்கமில்லை.

திரும்பிப் போக வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? ஆறு அம்சங்களில் ஆளுக்கும் வேலைக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும் என்று மாஸ்லாக்கும் மைக்கேல் லெய்ட்டரும் 1997-இல் எழுதினார்கள்: வேலையளவு, தன் கட்டுப்பாடு, வெகுமதி, சக மனிதர்கள், நியாயம், மதிப்பீடுகள். பட்டியலை ஒருவர் உட்கார்ந்து நிரப்பிப் பார்த்தால் பெரும்பாலும் தெளிவு கிடைக்கும். வேலையளவு மட்டும் கெட்டிருந்தால் இடம் மாறினாலே போதும். மதிப்பீடே இடித்தால், அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து நோயியலுக்குப் போகிறவர் தோற்றுப்போனவர் அல்ல, நேரத்தில் தெரிந்துகொண்டவர். படிப்பின் நடுவில் இடத்தை விட்டால் லட்சக்கணக்கில் பாண்டு பணம் கட்ட வேண்டிய கல்லூரிகளில் இந்தத் தெளிவும் பயன்படாது. அங்கே ஒருவரைப் பிடித்துவைத்திருப்பது விருப்பமல்ல, அபராதம்.

திரும்பி வருபவருக்கு விதிப்படி கிடைப்பது படிப்புக் கால நீட்டிப்பு. ஜூனியர்களோடு சேர்ந்து உட்கார வேண்டும், முதல் நாளே நைட் டூட்டி. டச்சு ஆய்வு சொல்வதை இங்கே மொழிபெயர்த்தால் அது எளிமையானதுதான்: முதல் மாதம் ஓ.பி. மட்டும், இரண்டாம் மாதம் பகல் வார்டு, மூன்றாம் மாதம் வாரத்துக்கு ஒரு நைட். இதற்கு அரசாணை வேண்டியதில்லை, ரோஸ்டர் போடும் அசிஸ்டென்ட் புரொபசர் மனசு வைத்தால் நடக்கும். நடந்தும் இருக்கிறது, சத்தமில்லாமல், நல்ல யூனிட்களில். ஆனால் அவர் விடும் இரவுகளை அதே யூனிட்டின் மற்ற மூன்று பி.ஜி.க்கள்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். அவர்களும் ஏற்கெனவே களைத்துப்போனவர்கள். கூடுதல் பணியிடம் இல்லாத வார்டில் ஒருவரின் மீட்சி அடுத்தவரின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.